கட்டை வைக்கிறவள்

வண்டி பார்க்கப் போனவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஆண்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். சீட்டில் உட்கார்ந்து குலுங்கிப் பார்த்தார்கள். ஏசியைப் போட்டு முகத்தைக் காட்டிப் பார்த்தார்கள். பாட்டை அலறவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஒருத்தராவது குனிந்து சக்கரத்தைப் பார்த்தாரா என்றால், இல்லை. மேடு ஏறுவதற்கென்று வண்டி வாங்கப் போய்ச் சக்கரத்தைப் பார்க்காமல் வருகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று கௌசல்யாவுக்குத் தெரியவில்லை. தெரிந்த வசவையெல்லாம் மத்தியானமே அடுப்பிடம் சொல்லித் தீர்த்திருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அது கறுப்போ சிவப்போ, கூரை தகரமோ தார்ப்பாயோ, அவளுக்கு அக்கறை இல்லை. பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரம் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் அந்த வண்டிக்குப் பின்னால் நிற்கப் போகிறவள் அவள்.

கௌசல்யாவின் புருஷனுடைய அண்ணன் உச்சிமாகாளி காங்கிரீட் மேஸ்திரி. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் முப்பது வருஷமாகக் காங்கிரீட் போடுகிறவர். அவர் கூட்டத்தில் பதினெட்டு ஆள். காலை ஐந்தரைக்குக் கிள்ளிப்பாலத்தில் கூடி, எங்கே வார்ப்போ அங்கே போவார்கள். வீட்டுக்கு மேல்தளம் போடுவதை இந்த ஊரில் வார்ப்பு என்றுதான் சொல்வார்கள். ஊரோ ஒரே குன்று. ஒவ்வொரு குன்றிலும் உச்சியில் வீடு கட்டுவதற்கென்றே ஆட்கள் பிறந்திருக்கிறார்கள். போகிற வழி ஒற்றை வண்டி அகலம். கலவை லாரி அதில் நுழையாது. அதனால் மிக்ஸர் மிஷினை வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு ஏற வேண்டும்.

செங்குத்தில் மிஷின் ஒரேயடியாக ஏறாது. பத்தடி ஏறும், வண்டி மூச்சு வாங்கி நிற்கும். நிற்கிற அந்த நொடியில் மிஷினின் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஷின் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே வரும். அந்தக் கட்டையை வைப்பது கௌசல்யா. புளியமரத்தில் முக்கோணமாகச் செதுக்கிய கட்டை, ஒரு முழம் இருக்கும், தலையில் துளை போட்டுக் கயிறு கோத்திருப்பாள். பதினோரு வருஷமாக மேடு ஏறும்போதெல்லாம் அவள் குனிந்தபடியே மிஷினுக்குப் பின்னால் ஏறியிருக்கிறாள். உச்சிமாகாளி மேலே வளைவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று "ஏத்துலே, ஏத்து" என்று சத்தம் கொடுப்பார். இது அவர்கள் வேலை செய்கிற முறை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல.

போன ஆனி மாசம், இடவப்பாதிப் பருவமழையில், மலயின்கீழ்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஏற்றத்தில் பழைய ஜீப்பு வழுக்கியது. ஓட்டியது அவள் மகன் பிரஜின். புருஷன் பிச்சைக்கனி இடதுபுறம் மிஷினுக்குத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். வலது சக்கரத்துக்கு அவள் வைத்த கட்டை அசையவில்லை. மிஷின் அந்தக் கட்டையைச் சுற்றித் திரும்பி, இடது சக்கரம் பிச்சைக்கனியின் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

மழை என்றார்கள். நேரம் என்றார்கள். பாசி பிடித்த கல் என்றார்கள். கௌசல்யா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் பார்த்தது வேறு. பின்சக்கரம் இரண்டும் கிறுகிறுவென்று சுற்றிச் சேற்றை வாரி இறைத்தபோது, முன்சக்கரம் இரண்டும் எனக்கென்ன என்று சும்மா இருந்தன. அதை அவள் மறக்கவில்லை.

அந்த ஜீப்பு அதோடு சாலைக் கம்போளச் சந்தையில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. இப்போது ஐப்பசித் துலாமழை தொடங்கப் போகிறது. குடப்பனக்குன்னில் உமாசங்கர் என்ற பாங்கு சாரின் வீட்டு வார்ப்பு முன்னால் நிற்கிறது. அதற்காகத்தான் புதுசாக வண்டி.

"கறுப்பு," என்றார் உச்சிமாகாளி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. அட்டக்குளங்கரைக்குப் பின்னால் உள்ள அந்த லைன் வீட்டில் அவர் நுழைந்தால் பாதி வீடு நிறைந்துவிடும். "நல்ல ஆனைக் கறுப்பு. நம்ம சந்துக்குள்ள வந்து நின்னா வீடு சின்னதாத் தெரியும், கேட்டியா."

கௌசல்யா மரச்சீனிக் கிழங்கை வடித்துத் தட்டில் போட்டாள். "நாலு வீலும் இழுக்குமா அத்தான்?"

"பின்கதவுலயே நாலுக்கு நாலுன்னு எழுதி ஒட்டிருக்கு. சும்மாவா ஒட்டுவான்?"

"எழுதியிருந்தா இழுத்துருமா? மேட்டுல ஏத்திப் பாத்தியளா?"

"கடையில மேடு எங்க இருக்குளா?" என்றான் பிச்சைக்கனி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தபடி. சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா, அது அடிபொளி வண்டியாக்கும்," என்றான் பிரஜின். அவனுக்கு இருபத்திமூன்று வயது. படித்ததெல்லாம் மலையாளத்தில். கோபத்தில் மட்டும்தான் சுத்தத் தமிழ் வரும். "டச் ஸ்கிரீன் உண்டு. சன்ரூஃப் உண்டு. ஒரு பட்டனை அமுக்கினா கூரை தனியாத் திறக்கும்."

"கூரையத் திறந்து என்னலே செய்யப் போற? காங்கிரீட்டை அது வழியாக் கொட்டவா?"

பிச்சைக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் திரும்பியதும் அதை மரச்சீனியோடு சேர்த்து விழுங்கினான்.

"வேலாயுதன் ஜீப்பைப் பாக்கலையா?" என்றாள் கௌசல்யா.

வட்டப்பாறையில் இருக்கிற வேலாயுதன் முன்பு எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டியவர். போன விஷுவுக்கு அவரே வீடு தேடி வந்து, "எனக்கு வயசாச்சு, மேஸ்திரி எடுத்துக்கோ, நாலு வீலும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று கௌசல்யா அந்த ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருந்தது. அதைப் போட்டுச் சந்தின் ஓரத்துச் சேற்றில் ஏற்றிக் காட்டினார். முன்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறியது. இதை எடுங்க அத்தான் என்று அன்றைக்கே சொன்னாள். உச்சிமாகாளி சிரித்தார்.

இப்போதும் சிரித்தார். "அந்தத் தகரப் பாட்ட வண்டியவா? பங்குனிக் கோயில் கொடைக்கு ஊருல அதுல போயி எறங்கினா, உச்சிமாகாளி திருவந்தரத்துல பழைய இரும்பு பொறுக்குதான்னுல்லா சொல்லுவானுவ."

"கொடை வருஷத்துல மூணு நாளு. மேடு எத்தன நாளு ஏறுதோம்?"

"இந்தா பாரு கௌசல்யா. வண்டி வாங்குத விஷயத்த ஆம்பளைய நாங்க பாத்துக்கிடுவோம். நீ இன்னும் ரெண்டு துண்டு மீனு வை."

வைத்தாள். மத்திக் குழம்பில் கரண்டியை விட்டுத் துழாவி, முள் மட்டுமே உள்ள வால் துண்டுகளாகப் பார்த்து இரண்டு வைத்தாள்.

"பொறவு இன்னொண்ணு," என்றார் அவர், முள்ளைத் துப்பிக்கொண்டு. "இனி இதுல பேச்சே இல்ல. வார வழியில பழவங்காடிப் பிள்ளையார் கோயில்ல எறங்கி, வண்டி நம்பரச் சொல்லிப் பதினோரு தேங்கா அடிச்சாச்சு."

கௌசல்யாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் எல்லாரும் வண்டியை வாங்கி, கொண்டுபோய்ப் பிள்ளையார் முன்னால் நிறுத்தித்தான் தேங்காய் அடிப்பார்கள். இவர் வாங்குவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பேரைச் சொல்லிப் பழவங்காடியில் உடைத்ததை மாற்றக் கூடாது. ஒருதரம் ஒரு வேலைக்கென்று உடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய், சாரம் சரிந்து மூன்று பேர் கீழே விழுந்தார்கள். அதிலிருந்து யாரும் மாற்றுவதில்லை. மாற்ற முடியாது என்று தெரிந்துதான் உச்சிமாகாளி அடித்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"பிள்ளையாராவது சக்கரத்தப் பாத்தாரா?" என்றாள்.

"ஏளா, வாய வச்சுக்கிட்டு சும்மா இரி," என்றான் பிச்சைக்கனி.

அண்ணன் போன பிறகு அவன் காலில் கட்டுப் பிரித்து மருந்து போட்டாள். விரல்கள் இருந்த இடத்தில் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. மழை வரப் போகிறதென்றால் இல்லாத விரல்கள் வலிக்கும் என்பான். அன்றைக்கு வலிக்கிறது என்றான்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.

"என்னத்தச் சொல்ல? அண்ணன் கூட்டிட்டு வந்துதானே இந்த ஊரு. அவரு போட்ட சோறு."

"சோறு அவரு போட்டாரா? நான் காங்கிரீட் சட்டி சுமக்கேன். நீங்க காலக் குடுத்திய. ரெண்டு பேரும் அவருக்குத்தான் சோறு போடுதோம்."

அவன் அவிழ்த்த கட்டுத்துணியைச் சுருட்டி நீட்டினான். நல்ல மனுஷன்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை எடுக்கப் போனார்கள். கௌசல்யாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் கிளம்பி வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஜவுளிக்கடைத் துணிப்பை. உச்சிமாகாளி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பைக்குள் பூசைச் சாமான் இருக்கும் என்று நினைத்திருப்பார். இருந்தது புளியங்கட்டை.

ஈஞ்சக்கல் பைபாஸில் பழைய வண்டிகள் விற்கிற அந்தக் கடையில் ஸ்மிதா என்கிற பெண்தான் எல்லாம். இருபத்தைந்து வயசு இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து. கறுப்பு வண்டியைக் கழுவி முன்னால் நிறுத்தியிருந்தாள். உண்மையைச் சொல்வதானால் நல்ல வண்டிதான். கௌசல்யாவுக்கே ஒரு நொடி கை வைத்துப் பார்க்கத் தோன்றியது. வைக்கவில்லை.

"மோளே," என்றாள் ஸ்மிதாவிடம், "கடைக்குப் பின்னால மண்ணு தரை இருக்கா? ஈர மண்ணு?"

"உண்டு சேச்சி. எதுக்கு?"

"வண்டிய அங்கன நிறுத்தச் சொல்லு."

உச்சிமாகாளி முறைத்தார். ஆனால் கடைப் பெண் முன்னால் தம்பி பெண்டாட்டியிடம் சத்தம் போட அவருக்கு கௌரவம் விடவில்லை. பிரஜின் வண்டியைப் பின்னால் கொண்டுபோனான். முந்தின நாள் மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் நிற்கும்படி சொன்னாள். முன்சக்கரம் இரண்டும் கெட்டித் தரையில். துணிப்பையிலிருந்து கட்டையை எடுத்து ஒரு முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றுக்கு ஒரு செங்கல். பிறகு பெருவிரலால் சேற்றைத் தொட்டு, முன்சக்கரம் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"இது என்ன பூசை?" என்றார் உச்சிமாகாளி.

"நீங்க தேங்கா அடிச்சிய. நான் பொட்டு வைக்கேன். பிரஜினே, எடு."

பிரஜின் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான். அவன் காது சிவந்திருந்தது. பெற்றவளுக்கு அது போதும்.

"எடுலே," என்றாள் மறுபடியும்.

எடுத்தான். என்ஜின் உறுமியது. பின்சக்கரம் இரண்டும் சுற்றின, சேற்றை வாரி இறைத்தன, உச்சிமாகாளியின் வெள்ளைச் சட்டையில் பாதி செம்மண்ணாயிற்று. வண்டி நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. முன்சக்கரத்தில் அவள் வைத்த பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, மயிரிழை நகரவில்லை.

"பாருங்க அத்தான். கண்ணத் தொறந்து பாருங்க. நாலுக்கு நாலுன்னு ஒட்டிருக்கு. இழுக்குதது ரெண்டு."

உச்சிமாகாளி ஸ்மிதாவின் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? ஏமாத்துதியளா?"

"அய்யோ, ஏமாத்தல்ல சார். இது பின்வீல் மாத்திரம் உள்ள மாடல். அந்த ஸ்டிக்கர் பழைய ஓனர் அழகுக்கு ஒட்டினது. பேப்பர்ல தெளிவா உண்டு. நான் அன்னைக்கே இந்தச் சேட்டன்கிட்ட சொன்னேனே." அவள் காட்டியது பிரஜினை.

பிரஜின் என்ஜினை அணைத்தான். பைபாஸில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"தெரியுமாலே உனக்கு?" என்றாள் கௌசல்யா.

"அம்மா, என்ஜின் பவர் நல்லா உண்டு. யூட்யூப்ல பாத்தேன். அது மதி, போதும். பின்னே, பெரியப்பாவுக்கு இது இஷ்டப்பட்டு போச்சு..."

"ஒனக்கு இஷ்டப்பட்டு போச்சுன்னு சொல்லு. ஆனி மாசம் ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்தது நீதானலே. திரும்பிப் பாத்தப்ப அப்பா கால் எங்க இருந்துதுன்னு கண்டேல்லா? அதக் கண்ட கண்ணாலயா இந்தக் கூரையப் பாத்து மயங்குன?"

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கே தன் மேல் கோபம் வந்திருக்கும்.

உச்சிமாகாளி கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கச் சேறு பரவியது. தான் ஏமாந்ததைப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் போயிற்று. அங்கேயே, அந்தச் சேற்றில் நின்றுகொண்டே, சரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மனுஷன் சொல்ல வேண்டுமே.

"பின்வீலு போதும்," என்றார். "புது டயர் போட்டா ஏறிரும். நம்பரச் சொல்லித் தேங்கா அடிச்சாச்சு. ஊருல எல்லாவனுக்கும் போட்டோ அனுப்பியாச்சு. மாத்தப்பிடாது."

கௌசல்யா கட்டையை எடுத்துச் சேற்றை வழித்துப் பையில் போட்டாள். "அப்பம் நானும் ஒண்ணு சொல்லுதேன். இந்த வண்டிக்கு நான் கட்ட வைக்க மாட்டேன்."

"வைக்காம எங்க போவ?" என்று சிரித்தார் அவர்.

குடப்பனக்குன்னு வார்ப்பு நாளன்று விடியும்போதே தூறல். பின்பக்கம் கொக்கி பற்றவைத்த கறுப்பு வண்டி, பழவங்காடி மாலையோடு, மிஷினை இழுத்துக்கொண்டு ஏற்றத்தின் அடியில் வந்து நின்றது. ஏற்றம் இருநூறு அடி இருக்கும். இரண்டு பக்கமும் மதில், நடுவில் பாசி படர்ந்த பழைய காங்கிரீட். மேலே உமாசங்கர் சாரின் வீடு, கம்பி கட்டி, பலகை அடித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

வார்ப்பு நாளில் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது இந்த ஊர் வழக்கம். அப்பமும் கோழிக்கறியும் கட்டன்சாயாவும் வந்தன. பதினெட்டுப் பேரும் மதிலோரம் குந்திச் சாப்பிட்டார்கள். கௌசல்யாவும் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள், மூன்று அப்பம். இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு முந்தின வாரமே முடிவாகியிருந்தது.

உச்சிமாகாளி குடையை விரித்துக்கொண்டு ஏற்றத்தில் நாற்பதடி மேலே இருக்கிற வளைவில் போய் நின்றார். "கௌசல்யா, கட்ட," என்று குரல் கொடுத்தார்.

அவள் கட்டையை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் போகவில்லை. வண்டியையும் தாண்டி, மேலே ஏறி, வளைவுக்கு வந்தாள். அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள். அந்தக் கையில் கட்டையை வைத்தாள்.

"என்னளா இது?"

"நீங்க கீழ போங்க அத்தான். பதினோரு வருஷம் நான் கீழ நின்னேன், நீங்க மேல நின்னிய. இன்னைக்கு நான் சத்தம் குடுக்கேன். ஏத்துலே ஏத்து, அம்புட்டுத்தானே. எனக்கு வரும்."

"விளையாடாத. ஆளுவ பாக்காங்க."

"பாக்கட்டும்."

உச்சிமாகாளி கீழே பார்த்தார். கூட்டத்தில் கௌசல்யாவுக்கு அடுத்தபடி மேடு பழகியவள் எலிசாள். "எலிசாளே, வந்து கட்டயப் பிடி," என்றார்.

எலிசாள் தோள்துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பிள்ளையோ இருக்கு மேஸ்திரி. நானும் வைக்க மாட்டேன்."

மேலே வீட்டு வாசலிலிருந்து உமாசங்கர் சார் எட்டிப் பார்த்து அவசரப்படுத்தினார். "மேஸ்திரீ, எந்தா தாமசம்? மழ வருன்னு கேட்டோ."

வேறு வழியில்லை. உச்சிமாகாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மிஷினுக்குப் பின்னால் போய்க் குந்தினார். அறுபதை நெருங்கிய முழங்கால் கடக்கென்று சத்தம் போட்டது. மிஷினின் சக்கரம் அவர் நெஞ்சுயரம் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கௌசல்யா," என்று கீழேயிருந்து குரல் வந்தது. அது மேஸ்திரிக் குரலாக இல்லை. "கட்டய எங்கன வைக்கணும்?"

பதினோரு வருஷம். பதினோரு வருஷமாக அவள் வைத்ததை ஒருநாளாவது பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வருமா?

"வலது சக்கரத்துக்குப் பின்னால. கூரான பக்கம் சக்கரத்தப் பாத்து," என்றாள். "கயித்தப் பிடிச்சு வைக்கணும், கைய உள்ள விடப்பிடாது. உங்க தம்பி காலு வச்ச எடம் இடது பக்கம். அங்கன நிக்காதீய."

பிரஜின் வண்டியை எடுத்தான். பத்தடி ஏறியது. நின்றது. உச்சிமாகாளி கட்டையைத் தள்ளினார், சரியாக விழுந்தது. இன்னொரு பத்தடி. மூன்றாவது தடவை, பாசி தடித்த இடத்தில், பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. புது டயர் தீய்ந்து புகை வந்தது. முன்சக்கரம் இரண்டும் மாலைக்கடியில் சாதுவாக நின்றன. மிஷின் பின்னால் நகர்ந்தது. அவர் கட்டையை எறிந்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்து, வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். இரண்டு காலும் சக்கரத்தைப் பார்த்து நீட்டிக்கிடந்தன.

கட்டை கோணலாக விழுந்திருந்தது. சக்கரம் அதன் ஓரத்தில் ஏறிச் சாய்ந்தது. கௌசல்யா குடையை எறிந்தாள். யோசித்துச் செய்ததல்ல, கை கால் பழகிய பழக்கம். மதிலோரத்தில் கிடந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி, இடது சக்கரத்துக்கடியில் தள்ளி, காலால் கட்டையை நேராக்கினாள். மிஷின் முனகி நின்றது. சக்கரத்துக்கும் உச்சிமாகாளியின் பாதத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

"பிரேக்க விட்டிராதலே," என்று மகனிடம் கத்தினாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் உட்கார வைத்தாள்.

மழை பலத்தது. உமாசங்கர் சார் மேலே எதையோ கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் உச்சிமாகாளி யாரையும் பார்க்காமல், "பிரஜினே, வேலாயுதனுக்குப் போன் பண்ணு," என்றார்.

முக்கால் மணி நேரத்தில் வேலாயுதன் வந்தார். தார்ப்பாய்க் கூரையில் ஒட்டுப் போட்ட ஜீப்பு, உள்ளே ரப்பர் ஷீட்டு நாற்றம். எல்லாரும் பிடித்து மிஷினை ஏற்றத்தின் அடிக்கு இறக்கி, மாலை போட்ட வண்டியை அவிழ்த்து ஓரங்கட்டிவிட்டு, மிஷினை இதில் மாட்டினார்கள். வேலாயுதன் சின்னக் கம்பியைத் தள்ளினார். முன்சக்கரம் பாசியைக் கவ்வியது. கௌசல்யா கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே குனிந்து ஏறினாள். பத்தடி, இருபதடி, வளைவு, அதற்கு மேல். ஜீப்பு முக்கியதே தவிர ஓரிடத்திலும் நிற்கவில்லை. கட்டை வைக்க இடமே வரவில்லை. கொண்டுபோன கட்டையை அப்படியே உச்சிக்குக் கொண்டுபோனாள்.

பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே மேலே ஏறினார்கள். எலிசாள் வேலாயுதனுக்கு அப்பமும் கறியும் எடுத்து வைத்தாள். உச்சிமாகாளி நொண்டி நொண்டிக் கடைசியாக வந்தார்.

"இழுத்துட்டே," என்றார், ஜீப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. "நிக்கவே இல்லியே."

கௌசல்யா சிரிக்கவில்லை. "வேலாயுதண்ணே," என்றாள், "ஆனி மாசம் இந்த ஜீப்பு எங்க நின்னுது?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று வேலாயுதனுக்குத் தெரியாது. அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "எங்க நிக்க? மேஸ்திரி வேண்டாம்னு சொன்ன பின்னே வீட்டு ஷெட்டிலதான். எடவப்பாதி முழுக்க ஸ்டார்ட்டே ஆக்கல்ல. சும்மா கிடந்தது."

"கேட்டியளா அத்தான்?" என்றாள் கௌசல்யா. "சும்மா கிடந்துதாம்."

உச்சிமாகாளி தலை குனிந்து தன் பாதம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து விரலும் இருந்தன. பக்கத்தில் மிக்ஸரை யாரோ முடுக்கினார்கள். கௌசல்யா கட்டையை அவர் பக்கத்தில் மதில்மேல் வைத்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.